குழாய்க்கு அறுபது வருடம், சர்வருக்கு ஆறு: பொதுச் சேவைகளில் ஐடி முதலீட்டை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: ஐந்து லட்சம் இணைப்புகள் கொண்ட ஒரு நகரக் குடிநீர் அமைப்பு, அடுத்த ஐந்து வருடத்துக்கு ஐடி முதலீட்டுத் திட்டம் போட வேண்டும். விருப்பப் பட்டியல் ஏற்கெனவே தயார்: ஸ்மார்ட் மீட்டர், புதிய பில்லிங் மென்பொருள், ஜிஐஎஸ் வரைபடம் (குழாய்களையும் இணைப்புகளையும் இடத்தோடு காட்டும் கணினி வரைபடம்), ஸ்காடா (பம்பையும் வால்வையும் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு) விரிவாக்கம், மொபைல் ஆப், பெரிய திரைகளோடு ஒரு கட்டுப்பாட்டு மையம். எதை முதலில் செய்வது, எவ்வளவு ஒதுக்குவது, எங்கே சறுக்கும்?

குடிநீரை வைத்தே சொல்கிறேன். மின் விநியோகம், பேருந்து, தெருவிளக்கு, கழிவுநீர் என்று எதை எடுத்தாலும் எண்கள்தான் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஆயுள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். நல்ல வார்ப்பிரும்புக் குழாய் அறுபது வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கும். மின்மாற்றி முப்பது, நாற்பது வருடம் ஓடும். பம்பும் அதை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியும் பதினைந்திலிருந்து இருபது வருடம். பேட்டரியில் ஓடும் தண்ணீர் மீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து. சர்வருக்கு ஐந்து அல்லது ஆறு. இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது சுமார் பத்து வருடம்: விண்டோஸ் 7 வெளிவந்தது 2009ல், ஆதரவு முடிந்தது 2020 ஜனவரியில். விண்டோஸ் 10 வந்தது 2015ல், ஆதரவு முடிந்தது 2025 அக்டோபரில். ஒரு பம்ப் நிலையத்தை 2016ல் கட்டி, அதன் கண்காணிப்புக் கணினியில் விண்டோஸ் 10 போட்டிருந்தால், பம்பின் ஆயுளில் சுமார் பாதி மீதி இருக்கும்போதே கணினிக்கு ஆதரவு போய்விட்டது. இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால், ஸ்காடா மென்பொருளின் பழைய பதிப்பு புதியதில் ஓடாது. அதை மாற்றினால் பிஎல்சியோடு பேசும் டிரைவர் ஒத்துவராது. ஒரு கணினியை மாற்றப் போய் மொத்த நிலையத்தையும் தொட வேண்டியதாகிவிடும்.

அதனால் ஐந்து வருடத் திட்டத்துக்குத்தான் ஒப்புதல் கேட்கிறீர்கள் என்றாலும் கணக்கைப் பதினைந்து வருடத்துக்குப் போடுங்கள். வாங்கும் வருடத்தின் செலவு எல்லோர் கண்ணிலும் படும். நான்காவது வருடப் பராமரிப்பையும் ஏழாவது வருட மாற்றீட்டையும் யாராவது இன்றே எழுதி வைத்தால்தான் அவற்றுக்குப் பணம் வரும்.

இருப்பதை எண்ணுங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதைக் கணக்கெடுக்க மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கொள்முதல் பதிவேட்டைப் பார்த்து எடுக்கும் கணக்கு உதவாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போய் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்ததும் என்ன பார்ப்பது? பிஎல்சியின் மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாடல் இன்னும் தயாரிப்பில் உள்ளதா, ஸ்டோரில் மாற்றுக் கார்டு உண்டா என்று கேளுங்கள். யுபிஎஸ் பேட்டரியின் தேதியைப் பாருங்கள்; நான்கு வருடம் தாண்டியிருந்தால் மின்சாரம் போகும் நாளில் அது கைவிடும் என்றே எடுத்துக்கொள்ளலாம். தகவல் வெளியே போவது ரேடியோவிலா, ஃபைபரிலா, சிம் கார்டிலா என்று பாருங்கள். சிம் என்றால் அந்த மோடம் எந்தத் தலைமுறைக்கானது? 2ஜி, 3ஜி சேவைகளைப் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள். மீட்டர் நன்றாக இருந்தும் பேச வழியில்லாமல் போவது அப்படித்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: இந்த பிஎல்சிக்குள் ஓடும் புரோகிராமின் மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? பல இடங்களில் வரும் பதில், நிலையத்தைக் கட்டிய ஒப்பந்ததாரரின் எஞ்சினியரிடம் இருந்தது என்பதுதான். அவர் வேலை மாறிப் போயிருப்பார். அந்த பிஎல்சி எரிந்தால் அதே மாடலை வாங்கி வந்தாலும் உள்ளே போட எதுவும் இருக்காது. வால்வு எந்த வரிசையில் திறக்க வேண்டும், தொட்டி எந்த மட்டத்தில் பம்ப் நிற்க வேண்டும் என்று மொத்தத்தையும் புதிதாக எழுத வேண்டும். எல்லா நிலையங்களின் புரோகிராம் பிரதியையும் எடுத்து, தேதி போட்டு, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவதுதான் உங்கள் திட்டத்தின் முதல் முதலீடாக இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிக ஆபத்தைக் குறைக்கும் வேலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அலுவலகப் பக்கமும் இப்படித்தான். பில்லிங், கணக்கு, புகார், சம்பளம் ஆகியவற்றின் பெயர் பட்டியலில் தானாக வந்துவிடும். அவற்றுக்கு நடுவே ஓடும் எக்செல் கோப்புகள் வராது. ஒரு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்து, கையால் திருத்தி, இன்னொன்றில் ஏற்றும் வேலையை யாரோ ஒருவர் மாதாமாதம் செய்துகொண்டிருப்பார். அந்த நபர்தான் உண்மையில் உங்கள் இணைப்பு மென்பொருள். அவர் செய்யும் ஒவ்வொரு படியையும் எழுதி வாங்காமல் புதிய பில்லிங்குக்கு டெண்டர் விடாதீர்கள்.

எந்த எண் மாறும், யார் கையால் மாறும்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே ஒரு சேவை எண்ணை எழுதுங்கள். கணக்கில் வராத நீர் எத்தனை சதவீதம், 100 கிலோமீட்டர் குழாய்க்கு வருடத்தில் எத்தனை உடைப்பு, புகார் தீர எத்தனை நாள், ஒரு கன மீட்டர் நீரை ஏற்ற எத்தனை யூனிட் மின்சாரம். எண் கிடைக்காத திட்டத்தைத் தள்ளி வையுங்கள். எண் கிடைத்தால் அடுத்த கேள்வி: மென்பொருள் தகவல் தந்த பிறகு, அதை வைத்து வேலை செய்யப் போவது யார்?

ஒரு கசிவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 2 கன மீட்டர், அதாவது நாளுக்கு 48 கன மீட்டர் வீணாகிறது. கசிவு இருப்பது தெரியவர 30 நாள், இடத்தைக் கண்டுபிடிக்க 5 நாள், பழுது பார்க்க 10 நாள் ஆகிறது என்றால் மொத்தம் 45 நாள். இழப்பு 2,160 கன மீட்டர். சென்சார் போட்டு முதல் கட்டத்தை 2 நாளாகக் குறைத்தால் 17 நாள், 816 கன மீட்டர். நல்ல லாபம். ஆனால் பழுதுக்கே 40 நாள் எடுக்கும் அமைப்பில் அதே சென்சாரைப் போட்டால் 47 நாள், 2,256 கன மீட்டர். சென்சாரே இல்லாமல் பத்து நாளில் பழுது பார்க்கும் அமைப்பைவிட இது மோசம். அங்கே பணம் போக வேண்டியது பழுதுபார்க்கும் குழுவுக்கும் அதன் வண்டிக்கும் ஸ்டோரில் இருக்க வேண்டிய இணைப்பான்களுக்கும்தான். இதை ஐடி திட்டத்திலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இதே கணக்கு ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக இன்னொரு கேள்வியை எழுப்பும். கசிவைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஐந்து லட்சம் வீட்டு மீட்டர் தேவையில்லை. விநியோக வலையை 500 முதல் 3,000 இணைப்பு வரையுள்ள மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு ஓட்ட மீட்டரும் அதன் அளவைப் பதிந்துவைக்கும் லாகரும் வைத்து, இரவு 2 மணி முதல் 4 மணி வரையான ஓட்டத்தைக் கவனித்தாலே போதும். அந்த நேரத்தில் மக்கள் பயன்பாடு மிகக் குறைவு. ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. ஒரு மண்டலத்துக்கு 2,000 இணைப்பு என்றால் 250 மீட்டர். இதில் ஒரு நிபந்தனை உண்டு: இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் இரவு ஓட்டக் கணக்கு செல்லும். தண்ணீர் முறைவைத்து வந்தால் வீட்டுத் தொட்டிகள் நிரம்பும் நேரத்தைத் தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். மண்டல எல்லை வால்வுகள் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று களத்தில் சோதிப்பதும் கட்டாயம். ஒரு வால்வு பாதி திறந்திருந்தால் இரண்டு மண்டலத்தின் எண்ணும் பொய்யாகிவிடும்.

அடையாள எண்

ஒரே வீட்டு இணைப்புக்கு பில்லிங்கில் ஒரு எண், களப் பணியாளர் பதிவேட்டில் இன்னொரு எண், ஜிஐஎஸ்ஸில் மூன்றாவது எண். இதைச் சரிசெய்யாமல் மேலே எது கட்டினாலும் ஆடும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய அன்றே மீட்டர் எண் தவறான வாடிக்கையாளரோடு சேர்ந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரரின் பயன்பாட்டுக்கு இவருக்கு பில் போகும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

இது களப்பணி, மென்பொருளால் குறுக்குவழி கிடையாது. ஒருவர் நாளுக்கு 50 இணைப்பு பார்க்கிறார் என்று வைத்தால் ஐந்து லட்சத்துக்கு 10,000 ஆள்-நாள். நாற்பது பேர் என்றால் 250 வேலைநாள், கிட்டத்தட்ட ஒரு முழு வருடம். இந்த ஒரு வருடம் திட்ட அட்டவணையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டேட்டா சுத்திகரிப்பு என்று ஒரு வரியில் எழுதி இரண்டு மாதம் ஒதுக்கியிருந்தால் அந்த அட்டவணையை நம்பாதீர்கள். கணக்கெடுப்பு முடிந்த பிறகு புதிய இணைப்பு, பெயர் மாற்றம், துண்டிப்பு எல்லாம் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடத்தில் பழையபடி மூன்று எண் வந்துவிடும்.

மீட்டர் கணக்கை முழுசாகப் போடுவது

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் ஒப்பந்த விலைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரின் விலையை 100 என்று வைப்போம். பழையதைக் கழற்றி, பொருத்தி, படமெடுத்துப் பதிவு செய்ய 35. தகவல் தொடர்புக் கட்டமைப்பில் அதன் பங்கு 25. அளவுகளைச் சேகரிக்கும் மென்பொருள், பில்லிங்கோடு இணைப்பு ஆகியவற்றில் பங்கு 20. அடையாள எண் சரிபார்ப்பு, பயிற்சி 10. ஆக, முதல் செலவு 190. இயக்கச் செலவு வருடத்துக்கு: தொடர்புக் கட்டணம் 6, மென்பொருள் பராமரிப்பு 4, பழுதாகும் மீட்டருக்கு 3, ஆட்கள் 5; மொத்தம் 18. பதினைந்து வருடத்துக்கு 270. நடுவில் பேட்டரிக்காகவோ தொடர்பு மாட்யூலுக்காகவோ ஒரு முறை பெரிய மாற்றீடு, 60. எல்லாம் சேர்த்து 520. டெண்டரில் எல்லோரும் போட்டி போட்டுக் குறைக்கும் மீட்டர் விலை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. விலைப்புள்ளியைப் பதினைந்து வருட மொத்தச் செலவில் ஒப்பிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து, சதவீதங்களை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். வருடத்துக்கு 1 சதவீதம் பழுது என்பது மிக நல்ல மீட்டர் போலத் தெரியும். ஐந்து லட்சத்தில் அது 5,000. 250 வேலைநாளில் நாளுக்கு 20 வீடு. அந்த வேலைக்குக் குழு வேண்டும், வண்டி வேண்டும், ஸ்டோரில் உபரி மீட்டர் வேண்டும். 98 சதவீத மீட்டர் தானாக அளவு தருகிறது என்றால் மீதி 10,000 வீட்டுக்கு ஒவ்வொரு பில் சுழற்சியிலும் ஆள் போயாக வேண்டும். மீட்டர் படிப்பவர்கள் யாரும் இனி தேவையில்லை என்று சேமிப்பில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துத் திருத்துங்கள். ஊழியர் நேரம் மிச்சமாவதைப் பலனாகக் காட்டினால், அந்த ஊழியர் எந்த வேலைக்கு மாற்றப்படுகிறார் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பொருத்தும் வேகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து லட்சத்தையும் இரண்டே வருடத்தில் பொருத்தினால் பேட்டரிகளும் பன்னிரண்டு, பதிமூன்று வருடம் கழித்து ஒன்றாகத் தீரும். அந்த இரண்டு வருடத்தில் பட்ஜெட் முறியும். வருடத்துக்கு 60,000 என்று எட்டு வருடத்துக்குச் சற்று மேல் பரப்பினால் மாற்றீடும் பரவும், முதல் தொகுதியில் தெரியும் குறை அடுத்த தொகுதியில் திருந்தும்.

அளவை எவ்வளவு அடிக்கடி எடுப்பது என்பதையும் ஆசைப்பட்டு முடிவு செய்யக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மீட்டருக்கு நாளுக்கு 96 பதிவு, மொத்தம் 4.8 கோடி. மணிக்கு ஒன்று என்றால் 1.2 கோடி. சேமிப்பு, தொடர்பு, பேட்டரி மூன்றும் இதைப் பொறுத்தவை. தண்ணீருக்கு மணிக்கொரு பதிவு, நாளுக்கு ஒரு முறை அனுப்புதல் தாராளமாகப் போதும். வீட்டுக்குள் ஓயாமல் ஒழுகும் குழாய் அதிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பீடும் கையிருப்பும்

மென்பொருள் உரிம விலையில் வருடத்துக்கு 18 முதல் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணமாகக் கேட்பது வழக்கம். ஐந்து வருடத்தில் இன்னொரு உரிமம் வாங்கிய பணம் போய்விடும். அமெரிக்க மத்திய அரசு ஐடிக்குச் செலவிடுவதில் சுமார் 80 சதவீதம் இருப்பதை ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும்தான் போகிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. புதிய திட்டங்களை மட்டும் அடுக்கிய பட்ஜெட்டில் இந்தப் பகுதி காணாமல் போயிருக்கும்.

முதல் மதிப்பீட்டை யாரும் அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டன் கருவூலத்தின் திட்ட மதிப்பீட்டு வழிகாட்டி, சாலை, குழாய் போன்ற வழக்கமான சிவில் எஞ்சினியரிங் பணிகளின் ஆரம்ப மதிப்பீட்டோடு அதிகபட்சம் 44 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. கருவிகள், மென்பொருள் உருவாக்கம் போன்றவற்றுக்கு அதே வழிகாட்டி சொல்லும் உச்ச எண் 200 சதவீதம். ஆபத்துகளைக் குறைத்ததற்கு ஆதாரம் காட்டக் காட்ட அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1,471 ஐடி திட்டங்களை அலசி 2011ல் வெளியிட்ட முடிவும் கவனிக்க வேண்டியது: சராசரி கூடுதல் செலவு 27 சதவீதம்தான். ஆனால் ஆறில் ஒரு திட்டத்தில் அது சராசரியாக 200 சதவீதம். சராசரியைப் பார்த்துக் கையிருப்பு வைத்தால் அந்த ஆறாவது திட்டம் மற்ற ஐந்தையும் விழுங்கிவிடும். அதனால் கையிருப்பு நிதியைத் திட்ட மேலாளர் கையில் தராமல் அமைப்பின் தலைமையிடம் ஒரே இடத்தில் வையுங்கள். திட்டத்தை எட்டு, பத்து மாதத்தில் பயன் தெரியும் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டு முறிந்தாலும் மற்றவை நிற்க வேண்டும்.

கிளவுட் பற்றி ஒரு வரி, அதாவது சொந்த சர்வர் வாங்காமல் வேறு நிறுவனத்தின் சர்வரைச் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. தொழில்நுட்பமாக அது பெரும்பாலும் நல்ல முடிவுதான். சிக்கல் பட்ஜெட் தலைப்பில். மூலதன மானியம் சுலபமாகக் கிடைத்து வருவாய்ச் செலவுக்கு வருடாவருடம் போராட வேண்டிய அமைப்பு என்றால், சந்தாக் கட்டணத்துக்கான வருமானம் எது என்று எழுத்தில் முடிவு செய்த பிறகே கையெழுத்திடுங்கள்.

டெண்டரில் விட்டுவிடக் கூடாதவை

இங்கிலாந்தில் 46 தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை ஒன்பது வட்டார மையங்களாக மாற்ற 2004ல் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டடங்கள் முதலில் எழும்பின, உள்ளே ஓட வேண்டிய கணினி அமைப்பு தயாராகவே இல்லை, உள்ளூர் தீயணைப்புத் துறையினரும் அதைத் தங்களுடையதாக ஏற்கவில்லை. 2010 டிசம்பரில் ரத்து செய்தார்கள். குறைந்தது 469 மில்லியன் பவுண்டு வீண் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் மறுவருடம் கணக்கிட்டது. பெரிய திரைகள் கொண்ட கட்டுப்பாட்டு மையத்தை உங்கள் பட்டியலின் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அதே நாட்டின் முதல் தலைமுறை ஸ்மார்ட் மின் மீட்டர்களில் வேறொரு பாடம். வாடிக்கையாளர் மின் விற்பனை நிறுவனத்தை மாற்றியதும் பல மீட்டர்கள் ஸ்மார்ட் வசதியை இழந்து சாதாரண மீட்டராகிவிட்டன. ஒவ்வொருவர் கட்டமைப்பும் அடுத்தவருடையதோடு பேசாததுதான் காரணம். மீட்டர் தொடர்புக்கு டிஎல்எம்எஸ் போன்ற திறந்த தரநிலை இருக்கிறது, ஆனால் "தரநிலைக்கு உட்பட்டது" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. வேறொரு தயாரிப்பாளரின் மீட்டரை அதே மென்பொருளில் இணைத்து, அளவு வந்து சேர்வதை ஏற்புச் சோதனையில் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். மீட்டர்களின் குறியாக்கச் சாவிகள் அமைப்பின் வசமே இருக்க வேண்டும். எல்லாத் தரவையும் படிக்கக்கூடிய வடிவத்தில் எந்த நாளும் கட்டணமின்றி எடுக்கும் உரிமை, பிஎல்சி புரோகிராமின் மூலப் பிரதி, கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே நிர்ணயித்த ஆள்-நாள் விலை, ஒப்பந்தம் முடிந்தபின் ஆறு மாத மாற்றுக்கால உதவி ஆகியவையும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு இவற்றைக் கேட்டால் விலை அவர்கள் சொல்வதுதான்.

சேவை மட்டம், அதாவது அமைப்பு எத்தனை சதவீத நேரம் ஓடியாக வேண்டும் என்ற நிபந்தனை பற்றியும் கவனம். 99.5 சதவீதம் என்றால் வருடத்தில் கிட்டத்தட்ட 44 மணி நேரம் நிற்கலாம் என்று பொருள், 99.9 என்றால் 8 மணி 46 நிமிடம். வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் அந்த 44 மணி நேரமும் பில் கட்டும் கடைசி இரண்டு நாளில் ஒரேயடியாக வந்தாலும் அபராதம் போட முடியாது. மாதாமாதம் அளக்க வேண்டும், திட்டமிட்ட பராமரிப்பு நேரத்துக்கும் உச்சவரம்பு வேண்டும்.

பாதுகாப்பும் கைச்சக்கரமும்

2000ல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், ஸ்காடாவை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் ரேடியோ வழியாக உள்ளே புகுந்து பம்புகளை நிறுத்தினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் கலந்தது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய தொலை இணைப்புக் கணக்கு வழியாகத் தாக்குதல் வந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத கணக்கு அது. தாக்கப்பட்டது அலுவலகக் கணினிகள்தான், ஆனாலும் குழாயையே சில நாட்கள் நிறுத்தினார்கள். ஆகவே ஒப்பந்ததாரர் ஆள் விலகும் நாளிலேயே அவருடைய கணக்கை மூடுவது, அலுவலக வலையையும் கட்டுப்பாட்டு வலையையும் பிரிப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்பு எல்லாம் ஒரே வாசல் வழியாக, பதிவோடு வருவது ஆகியவை திட்டத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டியவை.

2015 டிசம்பரில் உக்ரைனில் நடந்த இணையத் தாக்குதலில் சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பியதற்குக் காரணம், ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே போய் பிரேக்கர்களைக் கையால் போட்டதுதான். தானியங்கி வந்துவிட்டது என்று வால்வின் கைச்சக்கரத்தைக் கழற்றிவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு முழு ஷிஃப்ட் கையாலேயே இயக்கிப் பழகுங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து வெறும் கணினி ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.

மாறும் நாள்

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று முழு நகரத்தையும் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. வண்டிகளின் இருப்பிடத் தகவல் தவறாக வந்தது. தவறான வண்டி போனது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து உண்மையான அழைப்புகளை மறைத்தன. நவம்பர் 4 அன்று மொத்தமாக நின்றது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சிறிதளவு நினைவகத்தை விடுவிக்காமல் வைத்திருந்த ஒரு துண்டு நிரல் இந்த மாற்றத்துக்கு முன்பே உள்ளே வந்திருந்தது; மூன்று வாரத்தில் அது சர்வரை நிரப்பிவிட்டது. ஒரு நாள் சோதனையில் இப்படிப்பட்ட பிழை அகப்படாது. முழுச் சுமையோடு குறைந்தது நான்கு வாரம் ஓட்ட வேண்டும்.

பில்லிங் மாற்றத்துக்கு என் பரிந்துரை: இரண்டு முழு பில் சுழற்சிகளுக்குப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். ஒவ்வொரு இணைப்பின் தொகையையும் இரண்டிலும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றைக் காரணம் வாரியாகப் பிரியுங்கள்: வட்டமாக்கல், சலுகை விதி, பழைய நிலுவை, தவறான மீட்டர் வகை. காரணம் தெரியாத வேறுபாடு ஒன்றுகூட இல்லை என்ற பிறகே பழையதை நிறுத்துங்கள். அதன் பிறகும் முதலில் ஒரு வட்டாரத்தை மட்டும் மாற்றுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு வழக்கமான பயன்பாட்டைப் போல மூன்று மடங்கு தாண்டும் பில்லை அனுப்பாமல் நிறுத்தி, மனிதர் பார்த்த பிறகு அனுப்புங்கள். தவறான பெரிய பில் ஒன்று ஒரு குடும்பத்தை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆட்கள்

இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு நாற்காலியில் ஆள் இருக்க வேண்டுமென்றால் வாரம் 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் 4.2 பேர், விடுப்பும் பயிற்சியும் சேர்த்து ஐந்து பேருக்குக் குறையாது. இரண்டு பேரை வைத்துக் கட்டுப்பாட்டு மையம் திறந்தால் இரவில் அலாரத்தைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தைக் கண்காணிக்க ஒருவர், தரவுத்தளத்துக்கு ஒருவர், பிஎல்சி தெரிந்த கட்டுப்பாட்டு எஞ்சினியர் இருவர் என்று குறைந்தபட்சப் பதவிகளை முதலீட்டோடு சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். எல்லாவற்றையும் வென்டரிடம் விட்டால் அவர் சொல்வது சரியா என்று பார்க்கக்கூட உள்ளே ஆள் இருக்காது.

ஐந்து வருடத்தை அடுக்குவது

இந்த அமைப்புக்கு நான் போடும் வரிசை இது. முதல் வருடம்: கணக்கெடுப்பு, புரோகிராம் பிரதிகள், பேக்கப் மீட்பு, வலைப் பிரிப்பு, யுபிஎஸ் பேட்டரிகள், அடையாள எண் களப்பணியின் தொடக்கம். இரண்டாம் வருடம்: களப்பணி முடிவு, ஜிஐஎஸ், முதல் 60 மண்டல மீட்டர்கள், புகார்ப் பதிவைப் பழுதுக் குழுவின் வேலைச் சீட்டோடு இணைப்பது. மூன்றாம் வருடம்: பில்லிங் மாற்றம், கூடவே பெரிய நுகர்வோருக்கு மட்டும் ஸ்மார்ட் மீட்டர். ஆலை, மருத்துவமனை, விடுதி போன்ற சில ஆயிரம் இணைப்புகளிலிருந்துதான் வருவாயின் கணிசமான பகுதி வரும், பழகிக்கொள்ளவும் அந்த எண்ணிக்கை போதும். நான்காம் வருடம்: மீதி மண்டல மீட்டர்கள், ஆதரவு முடிந்த ஸ்காடா நிலையங்களின் மாற்றீடு. ஐந்தாம் வருடம்: வீட்டு மீட்டரின் முதல் 60,000. மொபைல் ஆப் பில்லிங் நிலைத்த பிறகு வரட்டும். தவறான தொகையை வேகமாகக் காட்டும் ஆப் யாருக்கும் உதவாது.

ஒவ்வொரு வருட முடிவிலும் அந்தச் சேவை எண்களை எடுத்துவைத்துப் பாருங்கள். முதல் 60 மண்டலத்தில் இரவு ஓட்டம் பன்னிரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் அடுத்த 190 மீட்டருக்கு ஆர்டர் போடாதீர்கள். வால்வுகளையும் பழுதுக் குழுவையும் போய்ப் பாருங்கள். புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் எந்தப் பழையது எந்தத் தேதியில் அணைக்கப்படும் என்பதை அதே ஒப்புதல் கோப்பில் எழுதி, அணைக்க வேண்டியவரின் பதவியையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தேதியில் அது அணையவில்லை என்றால் இரண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.